குவாலிஸின் முன் சக்கரங்களைக் கழற்றிய நான்கு நாட்கள்

கொல்லிமலையிலிருந்து காரவள்ளி அடிவாரத்துக்கு இறங்கும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பாதியைக் கடந்தபோது பிரேக் பெடல் என் உள்ளங்காலை உதைக்க ஆரம்பித்தது. மிதிக்கும்போதெல்லாம் பெடலுக்கு அடியில் தவளை ஒன்று மாட்டிக்கொண்டு துள்ளுவதுபோல் ஒரு துடிப்பு. அதே தாளத்தில் ஸ்டீயரிங்கும் நடுங்கியது. பின் இருக்கையிலிருந்து அம்மா, "ஏம்ப்பா, ரோடு இப்படிக் குலுக்குகிறது?" என்று கேட்டார். ஆமாம், ரோடுதான் என்று சொல்லிவைத்தேன். இரண்டாம் கியரை விடாமல், எஞ்சினையே பாதி பிரேக்காக நம்பி இறங்கினேன்.

காரவள்ளியில் டீக்கடை ஓரமாக நிறுத்தி, ஒரு கைத் தண்ணீரை அள்ளி, முன் சக்கரங்களின் நடுவில் தெரியும் கிரீஸ் மூடிகளின் மேல் தெளித்தேன். இடது பக்கம் வழிந்து சொட்டியது. வலது பக்கம் 'சுர்' என்று ஆவியாகிப் போனது. மலை இறங்கிய வண்டியில் டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு, சூடாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த மூடி டிஸ்க்கிலிருந்து அரைச் சாண் தள்ளி, காற்று படும் இடத்தில் இருக்கிறது. இறங்கிய வழி ஒன்று, மிதித்த பெடலும் ஒன்று. வலது மட்டும் ஏன் கொதிக்க வேண்டும்?

வண்டி 2002-ஆம் ஆண்டுக் குவாலிஸ். டொயோட்டா 2000-இல் இந்தியாவுக்கு முதலில் கொண்டுவந்த கார் இதுதான்; இந்தோனேசியாவில் கிஜாங் என்ற பெயரில் ஓடியதன் உடன்பிறப்பு. 2446 சி.சி. டீசல் எஞ்சின், பின் சக்கர இழுவை. அப்பா இரண்டாம் கையாக வாங்கியது, இப்போது 3 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. விற்றுவிடு என்று வருடத்துக்கு ஒருமுறை யாராவது சொல்வார்கள். எஞ்சின் இன்னும் ஒரே சாவித் திருப்பலில் எழுந்துகொள்கிறது. அதை எப்படி விற்பது?

இந்தத் துடிப்பு எனக்குப் புதிதல்ல. ஒன்றரை ஆண்டில் இதற்காகவே மூன்று முறை பட்டறைக்குப் போயிருக்கிறது வண்டி. இரண்டு முறை தட்டை இருபுறமும் கவ்வும் பேட்களை மாற்றினார்கள், ஒருமுறை டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவி எடுத்து வந்தார்கள். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்பதுதான் ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில். சீவிய பிறகு இரண்டு மாதம் வெண்ணெயாக நின்றது. மூன்றாம் மாதம் பழைய கதை.

வார்ப்பிரும்புத் தட்டு அப்பளம்போல் நெளிந்துவிடுவதில்லை. துடிப்புக்குப் பெரும்பாலும் காரணம் தட்டின் கனம் சுற்றிலும் ஒரே அளவாக இல்லாமல் போவதுதான். சக்கரம் சுற்றும்போது தட்டு மிக லேசாக இடவலமாக ஆடினால், பிரேக் மிதிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேடைத் தொட்டுவிட்டுப் போகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு இப்படித் தொட்டுத் தொட்டு அந்த இடம் தேய்கிறது. கன வித்தியாசம் ஒரு மில்லி மீட்டரில் நூற்றில் சில பங்கு வந்தாலே போதும். மிதிக்கும்போது கனமான பகுதி பேடைப் பின்னுக்குத் தள்ளுகிறது, பிஸ்டன் எண்ணெயைத் தள்ளுகிறது, எண்ணெய் பெடலைத் தள்ளுகிறது. தட்டைச் சீவினால் கனம் சமமாகும், சரி. தட்டை ஆடவைத்தது எதுவோ அது அப்படியே இருந்தால்?

இந்தக் கேள்விக்குச் சாலையே பாதி விடை கொடுத்துவிட்டது. துறையூர் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது தரைக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு 'ஊம்' சத்தம் கேட்கும். டயர்ச் சத்தம் என்று நினைத்திருந்தேன். காலியான நேரத்தில் வண்டியை மெதுவாக இடம் வலமாக வளைத்துப் பார்த்தேன். இடது பக்கம் திருப்பும்போது எடை வலது சக்கரத்தின் மேல் சாய்கிறது. அப்போது சத்தம் ஏறியது. வலப்பக்கம் திருப்பினால் அடங்கியது. டயராக இருந்தால் இப்படிக் குரல் மாற்றாது. வீட்டுக்கு வந்து ஜாக்கியில் ஏற்றி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினேன். 'டக், டக்.' யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினால், ஆட்டம் பேரிங்கில் இருக்கிறதா, சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயிண்டில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். தம்பி மிதித்தான். ஆட்டம் நின்றது. பேரிங்தான்.

குவாலிஸில் இந்த வேலை எளிது என்பதற்கு ஒரு காரணம் பின் சக்கர இழுவை. முன் சக்கரத்துக்கு எஞ்சினிலிருந்து தண்டு எதுவும் வருவதில்லை. அசையாமல் நிற்கும் ஒரு அச்சுமுனை, அதன்மேல் உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக இரண்டு டேப்பர் ரோலர் பேரிங், அவற்றின்மேல் சுற்றும், சக்கரம் மாட்டும் ஹப், அவ்வளவுதான். லாரியின் முன் சக்கரமும் இதே வகைதான். நாமக்கல்லில் இருப்பவனுக்கு இது பெரிய வசதி. இங்கே வடக்கே லோடு கிளம்பும் முன் 'ஹப் கிரீஸ் போட்டாயிற்றா?' என்று கேட்பது, சாப்பிட்டாயா என்று கேட்பது மாதிரி. என் மாமா இருபத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர். கிளீனராக இருந்த நாளில் கழற்றிய ஹப்புகளுக்குக் கணக்கே கிடையாது. "டிஸ்க் கிஸ்க் எல்லாம் எனக்குத் தெரியாது மாப்பிள்ளை. ஹப்பைக் கழற்றும்போது கூப்பிடு" என்றார்.

முதல் நாள் வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு முன்னால் சிமெண்டுத் தரை சமமாக இருக்கிறது. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைக்காமல் மரக்கட்டை வைத்தேன். செங்கல் எடை தாங்காமல் நொறுங்குவதைப் பார்த்திருக்கிறேன். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்தி, ஜாக்கியில் ஏற்றி, சேசிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் சக்கரத்தில் கை வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்கள் தைரியம் எனக்கு வேண்டாம்.

பேடுகளைத் தட்டின்மேல் அழுத்தும் கேலிப்பர் பின்னாலிருந்து இரண்டு போல்ட்டில் நிற்கிறது. கழற்றியதும் அதை எண்ணெய்க் குழாயில் தொங்கவிடக் கூடாது, குழாய் உள்ளே கிழிந்துவிடும். பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி, மேலே சஸ்பென்ஷன் கையில் கட்டித் தொங்கவிட்டேன். கேலிப்பர் முன்பின் நகர்வது வழுக்கு ஊசிகளின் மேல்; வலது கேலிப்பரில் கீழே இருக்கும் ஊசி கையால் இழுக்க வரவில்லை. ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்து துருப்பிடித்திருந்தது. ஆக, வலது பக்கச் சூட்டுக்கு இரண்டாவது சந்தேகப் புள்ளி கிடைத்துவிட்டது. பேடு விடாமல் உரசிக்கொண்டே வந்ததால் சூடா, பேரிங்கே சூடேற்றியதா? அதை ஹப் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

கிரீஸ் மூடியை உளியின் மழுங்கிய முனையால் சுற்றிலும் தட்டித் தட்டி நகர்த்தினால் கழன்றுவிடும். உள்ளே நட்டு கழலாமல் பிடிக்கும் காட்டர் பின், அதன் பின்னால் கிரீடம் மாதிரி ஒரு பூட்டு மூடி, அதற்குள் நட்டு. பின்னை நிமிர்த்தி இழுத்தேன். நட்டு கையால் கழலும் என்று எதிர்பார்த்தால், ஸ்பானர் போட்டும் முனகிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமா எழுந்து வந்தார். "இது யார் இறுக்கியது?" என்றார். டிஸ்க்கைச் சீவ ஹப்பைக் கழற்றியவர்கள்தான்; அதன் பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

வாஷரை எடுத்து, ஹப்பை லேசாக வெளியே இழுத்தால் வெளிப் பேரிங் உள்ளங்கையில் விழும். விழுந்தது. கிரீஸ் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. தார் காய்ந்த மாதிரி கறுத்து, விரலில் தேய்த்தால் மணல்போல் உதிர்ந்தது. பனியன் வேஸ்டை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்தபோது ரோலர்கள் தெரிந்தன. வெள்ளியாக மின்ன வேண்டியவை வைக்கோல் நிறமும், சில இடங்களில் நீலமும் பூத்திருந்தன. உருக்கு அவ்வளவு சூட்டைப் பார்த்தால்தான் அந்த நிறம் வரும். ஹப்பை முழுவதும் உருவி, ஆயில் சீலை நெம்பி, உள் பேரிங்கை எடுத்துப் பார்த்தேன். அதிலும் தேய்மானம் இருந்தது, ஆனால் கிரீஸ் இன்னும் கிரீஸாகவே இருந்தது.

இங்கேதான் என் சந்தேகம் தீர்ந்தது. டிஸ்க்குக்கு அருகில் இருப்பது உள் பேரிங். சூடு பேடிலிருந்து வந்திருந்தால் முதலில் கருகியிருக்க வேண்டியது அதுதான். தள்ளி இருக்கும் வெளிப் பேரிங் கருகியிருக்கிறது. நட்டு நேராக அழுத்துவது அதைத்தான். அளவுக்கு மேல் இறுக்கிய நட்டு ரோலர்களை நசுக்கியிருக்கிறது, சூட்டில் கிரீஸ் வெந்திருக்கிறது, கிரீஸ் இல்லாமல் ஓடிய ரோலர்கள் பேரிங்கின் வெளி வளையமான கப்பின் உட்புறத்தைக் கொத்தியிருக்கின்றன. நகத்தால் வருடினால் குழிகள் தட்டுப்பட்டன. கொத்திக் கொத்தித் தேய்ந்து, கடைசியில் இறுக்கமே ஆட்டமாக மாறியிருக்கிறது. அந்த ஆட்டத்தில் தட்டும் ஆடியிருக்கிறது. வழுக்கு ஊசி இந்தக் கதையில் உடந்தை, அவ்வளவுதான்.

டேப்பர் பேரிங் எப்படிப்பட்டது என்று ஒரு வார்த்தை. ஹென்றி டிம்கன் என்ற அமெரிக்க வண்டி கட்டுபவர் 1898-இல் காப்புரிமை பெற்றது. ரோலர்கள் ஒருபக்கம் சிறுத்த கூம்புகளாக இருக்கும், அதனால் வண்டியின் எடையையும் வளைவில் வரும் பக்கவாட்டுத் தள்ளலையும் சேர்த்தே தாங்கும். ரோலர் கோத்த உள் வளையத்தைக் கோன் என்றும், ஹப்புக்குள் இறுகியிருக்கும் வெளி வளையத்தைக் கப் என்றும் பட்டறையில் சொல்வார்கள். கூம்பு வடிவம் என்பதால் நட்டை இறுக்க இறுக்க இடைவெளி குறைந்துகொண்டே போகும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் பேரிங்கின் ஆயுள் இருக்கிறது. சாதாரணமாக விட வேண்டிய ஆட்டம் 0.025 முதல் 0.127 மில்லி மீட்டர் வரை. அவ்வளவு சின்ன ஆட்டம் டயரைப் பிடித்து ஆட்டுகிற கைக்குச் சரியாகப் பிடிபடாது. ஆட்டமே இருக்கக் கூடாது என்று நினைத்து, சக்கர நட்டை இறுக்குவதுபோல் இதையும் இறுக்கிவிட்டார்கள்.

இரண்டாம் நாள் முழுவதும் டிஸ்க்கை ஹப்பிலிருந்து பிரிப்பதில் போனது. புதிய கார்களில் டிஸ்க் தொப்பிபோல் ஹப்பின்மேல் வந்து உட்காரும், தட்டினால் கையோடு வரும். இதில் ஹப்புக்குப் பின்னால் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறது. அதனால்தான் டிஸ்க் மாற்ற வேண்டுமென்றால் பேரிங்கைத் தொட்டே ஆக வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே ஊற்றிவைத்திருந்தேன். மற்ற போல்ட்டுகள் முனகி, கத்தி, கடைசியில் வந்துவிட்டன. ஒன்று மட்டும் திரும்பியது, இன்னும் திரும்பியது, பிறகு சந்தேகப்படும்படி இலகுவாகத் திரும்பியது. தலை கையோடு வந்தது.

ஹப்பைத் தூக்கிக்கொண்டு திருச்சி சாலையிலுள்ள லேத் பட்டறைக்குப் போனேன். அந்த அண்ணன் லாரி ஹப் பார்த்தே பழகியவர், என் ஹப்பைப் பார்த்து, "இது என்ன, டம்ளர் மாதிரி இருக்கிறது?" என்றார். முறிந்த போல்ட்டின் நடுவில் புள்ளி குத்தி, சிறிய துளை, அதைவிடப் பெரிய துளை என்று போட்டு, மிச்சத்தை மரை கெடாமல் உருவி எடுத்தார். 300 ரூபாய். அங்கேயே பழைய டிஸ்க்கை மைக்ரோமீட்டரில் எட்டு இடங்களில் அளந்து பார்த்தோம். மிகக் கனமான இடத்துக்கும் மிக மெலிந்த இடத்துக்கும் 0.05 மில்லி மீட்டர் வித்தியாசம். என் காலை உதைத்தது அந்த 0.05தான். டிஸ்க்கில் குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்று பொறித்திருக்கும். துருவைச் சுரண்டினால் படிக்கலாம். என்னுடையது அதற்கும் 0.6 மில்லி மீட்டர் கீழே போயிருந்தது. ஏற்கெனவே ஒருமுறை சீவியபோதே இந்த எழுத்தை யாராவது படித்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது, விரிசல் விடும். அண்ணனே, "இதை இனிமேல் சீவுவதற்கு இல்லை, எடைக்குப் போட்டுவிடு" என்றார். சீவிக் கொடுத்தால் அவருக்குக் காசு. ஆனாலும் அப்படித்தான் சொன்னார்.

புதிய டிஸ்க் இரண்டும் சேலத்திலிருந்து வரவழைத்தவை. பேரிங் வாங்கும்போது பெட்டியை நம்பவில்லை. முதலில் வாங்கிய ஒரு பெட்டியில் எண்கள் மேலே அச்சடித்த மை மாதிரி இருந்தன, கட்டைவிரலால் தேய்த்ததும் மங்கின. திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடையில், வளையத்தின் முகத்தில் எண் பொறித்த பேரிங்காகப் பார்த்து வாங்கினேன். கோனையும் கப்பையும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்து ஜோடியாகத்தான் போட வேண்டும். பழைய கப்பை விட்டுவிட்டுப் புதிய கோனை மட்டும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய குழியில் புதிய ரோலர் ஓடினால் அதுவும் சீக்கிரமே பழையதாகும்.

அன்று இரவு நான்கு கப்புகளையும் பாலித்தீனில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தேன். குளிரில் உருக்கு சிறிது சுருங்கும், ஹப்புக்குள் இறக்குவது எளிதாகும். காலையில் இட்லி மாவு எடுக்கப் போன அம்மா, "இது என்ன பாத்திரத்துக்கு வைக்கும் பிரிமனையா?" என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள்தான் உண்மையான வேலை. பழைய கப்புகளை வெளியேற்ற, ஹப்புக்குள் கப் போய் உட்காரும் படியில், அதாவது தோளில், எதிரெதிராக இரண்டு வெட்டு இருக்கும். அங்கே கப்பின் பின் விளிம்பு கொஞ்சம் தெரியும். பித்தளைத் தண்டை அதில் வைத்து, இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி என்று மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஒரே பக்கம் அடித்தால் கப் சாய்ந்து ஹப்பின் சுவரைக் கீறிவிடும். இடது பக்கத்தை அப்படித்தான் செய்தேன். வலது பக்கக் கப் பிடிவாதம் பிடிக்கவே, பொறுமை போய்ப் பித்தளையை வைத்துவிட்டு இரும்பு உளியை எடுத்தேன். அந்த ஒரு நிமிட அவசரத்துக்கு மறுநாள் விலை கொடுத்தேன்.

ஹப்பைக் காலை வெயிலில் ஒரு மணி நேரம் போட்டிருந்தேன். நாமக்கல் வெயில் இதற்காவது உதவட்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கப்பை நேராக வைத்து, பழைய கப்பையே அதன்மேல் கவிழ்த்துச் சுத்தியலால் அடித்தேன். பழைய கப் உள்ளே சிக்கிக்கொள்ளாமலிருக்க அதன் வெளிப்புறத்தைக் கிரைண்டரில் சற்றே சீவி, ஒரு பக்கம் பிளவும் போட்டிருந்தேன். கப் இறங்கிக்கொண்டிருக்கும்வரை ஒவ்வொரு அடிக்கும் 'டொப், டொப்' என்று மந்தமான சத்தம் வரும். தோளில் போய் உட்கார்ந்ததும் சத்தம் மாறி, கோயில் மணியின் விளிம்பைத் தட்டியதுபோல் 'டிங்' என்று ஒலிக்கும். இடது ஹப்பில் இரண்டு கப்பும் ஒலித்தன. வலது ஹப்பில் வெளிக் கப்பின் சத்தம் அரைகுறையாக மாறியது. மாமா சாப்பிடப் போயிருந்தார். மாறியதுதானே என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

கிரீஸுக்கு வருகிறேன். பட்டறைகளில் எதற்கும் ஒரே டப்பாதான். சாதாரண லித்தியம் கிரீஸ் 180 டிகிரியைத் தாண்டியதும் இளகிச் சொட்டத் தொடங்கும். மலை இறங்கும் டிஸ்க் பிரேக் வண்டிக்கு அது போதாது. லித்தியம் காம்ப்ளெக்ஸ் வகை 250 டிகிரிக்கு மேலும் சொட்டாமல் நிற்கும், அதைத்தான் வாங்கினேன். பழையதன் மேல் புதியதைப் பூசாமல், அச்சுமுனையையும் ஹப்பின் உட்புறத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி, பெட்ரோலால் துடைத்து, உலரவிட்டேன். வெவ்வேறு வகைக் கிரீஸ் கலந்தால் சில சமயம் மோர்போல் நீர்த்துவிடும்.

பேரிங்குக்குள் கிரீஸ் ஏற்றுவதை மாமாவிடம்தான் பார்க்க வேண்டும். இடது உள்ளங்கையில் எலுமிச்சை அளவு கிரீஸ். வலது கையில் பேரிங், அகன்ற பக்கம் கீழே. பேரிங்கின் விளிம்பை உள்ளங்கையில் அழுத்தி இழுக்கிறார், அழுத்தி இழுக்கிறார், தோசை மாவை வழித்தெடுக்கிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் குறுகிய பக்கத்தில், ரோலர்களுக்கு நடுவிலிருந்து கிரீஸ் சின்னச் சின்னப் புழுக்களாக எட்டிப்பார்க்கிறது. அது வந்தால்தான் உள்ளே நிறைந்தது என்று அர்த்தம். விரலை ஒரு இடம் நகர்த்தி மறுபடி. ஒரு பேரிங்குக்கு ஐந்து நிமிடம். நான் செய்தபோது பாதி கிரீஸ் முழங்கைவரை வந்தது. ஹப்பின் குழியையும் நிரப்பப் போன என் கையைத் தட்டிவிட்டார். "அடைத்தால் சூடு போக இடம் ஏது? கரையோரம் பூசு, போதும்."

புதிய டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள், அதைத் துடைத்தே ஆக வேண்டும். ஹப்பில் டிஸ்க் உட்காரும் முகத்தைக் கம்பி பிரஷால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்தேன். அங்கே ஒரு துருச் செதில் இருந்தால் தட்டின் விளிம்பில் அது பல மடங்கு ஆட்டமாகத் தெரியும். புதிய போல்ட்டுகளை எதிரெதிராக, கையேட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில் முடுக்கினேன். உள் பேரிங்கை வைத்து, புதிய ஆயில் சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, மரக்கட்டை வைத்து விளிம்போடு விளிம்பாக இறக்கி, ஹப்பை அச்சில் ஏற்றினேன்.

நட்டு முறை வந்ததும் மாமா நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நின்ற சக்கரத்தில் நட்டை இறுக்காதே." ஒரு கையால் ஹப்பைச் சுழற்றிக்கொண்டே மறு கையால் ஸ்பானரைத் திருப்பினார். சுழன்றால்தான் ரோலர்கள் தத்தம் இடத்தில் நேராகப் போய் உட்காரும்; நின்றபடி இறுக்கினால் கோணலாக நிற்கிற ரோலர் நமக்குப் பொய் சொல்லும். ஹப் சுற்றுவதற்குச் சிரமப்படும்வரை இறுக்கினார். முன்னும் பின்னும் பலமுறை சுற்றினார். பிறகு நட்டை முழுவதும் தளர்த்தினார். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலும் இரண்டு விரலும் மட்டும் வைத்து, போகிற அளவுக்குத் திருப்பினார். அதோடு நிறுத்திக்கொண்டார். பூட்டு மூடியை வைத்து, பின் துளைக்கு எந்த இடுக்கு நேராக வருகிறதோ அதில் புதிய காட்டர் பின். துளை சற்றுத் தள்ளி நின்றால் முன்னே போகாமல் பின்னே வந்து பிடிக்க வேண்டும் என்றார்.

நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை லேத்கார அண்ணனிடம் கேட்டு வாங்கிவந்து இடது ஹப்பில் வைத்துப் பார்த்தேன். 0.05 மில்லி மீட்டர். மாமாவின் மூன்று விரல்கள், சொல்லப்பட்ட எல்லைக்குள் கொண்டுபோய் நிறுத்தியிருந்தன. டிஸ்க்கின் முகத்திலும் வைத்தேன், ஒரு முழுச் சுற்றில் முள் 0.03 மட்டும் நகர்ந்தது. அவரிடம் காட்டினேன். "இது என்ன, கடிகாரமா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். வலது பக்கத்தை அதே முறையில் நான் முடித்தேன்.

மீதி வேலைகளில் சொல்ல அதிகம் இல்லை. வழுக்கு ஊசிகளைச் சுத்தம் செய்து சிலிக்கோன் கிரீஸ் போட்டேன், கிழிந்த உறையை மாற்றினேன். புதிய பேடுக்கு இடம் விடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே கிண்ணத்தில் பிரேக் ஆயில் பொங்கும்; பெயிண்டில் பட்டால் அரித்துவிடும் என்பதால் முன்னதாகவே ஊசிக் குழாயால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டேன். பழைய ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது, முழுவதையும் மாற்றினேன். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரிவரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிதான். மலை இறங்குகிறவர்கள் அந்த 65 டிகிரியை மறக்கக் கூடாது.

நான்காம் நாள் காலை 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தேன். 'ஊம்' இல்லை, துடிப்பு இல்லை. மகிழ்ச்சியோடு ஜாக்கியில் ஏற்றி, ஒரு சம்பிரதாயத்துக்கு ஆட்டிப் பார்த்தேன். இடது அமைதி. வலது 'டக்'.

நட்டு அப்படியே இருந்தது, பின் அப்படியே இருந்தது. நட்டு நகராமல் ஆட்டம் வந்திருக்கிறது என்றால், உள்ளே எதுவோ நகர்ந்திருக்கிறது. மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றினேன். வெளிக் கப்புக்கும் தோளுக்கும் நடுவே இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.1 மில்லி மீட்டர் தகடு நுழைந்தது. தோளிலுள்ள வெட்டின் வழியே விரலை விட்டுப் பார்த்தால், தோளில் ஒரு முள் நீட்டிக்கொண்டிருந்தது, நேற்று நான் இரும்பு உளியால் எழுப்பிய பிசிறு. கப் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. 'டிங்' என்று ஒலிக்காமல் அரைகுறையாக ஒலித்ததற்குக் காரணம் அதுதான். 20 கிலோமீட்டரில் பிசிறு கொஞ்சம் நசுங்கி, கப் உள்ளே இறங்கி, ஆட்டம் வந்துவிட்டது. இன்னும் ஓடியிருந்தால் இன்னும் இறங்கியிருக்கும்.

கப்பை மறுபடி வெளியேற்றினேன், இந்த முறை பித்தளையால் மட்டும். அரைவட்ட அரத்தால் பிசிறைத் தேய்த்து, இரும்புத்தூள் ஒரு துளிகூட இல்லாமல் கழுவினேன். உள் பேரிங்கையும் எடுத்துக் கழுவ வேண்டியிருந்ததால் முந்தைய நாள் போட்ட ஆயில் சீல் வீணானது. மறுபடியும் கடைக்கு நடை. கப்பை இறக்கும்போது மாமா பக்கத்திலேயே நின்றார். 'டொப், டொப், டொப், டிங்.' அவர் ஒன்றும் சொல்லவில்லை. முந்தைய நாள் எனக்குக் கேட்டது இது இல்லை என்று எனக்கே தெரிந்தது. டயல் கேஜ் இந்த முறை 0.06 காட்டியது.

புதிய பேடையும் டிஸ்க்கையும் பழக்க, விடியற்காலையில் துறையூர் சாலைக்குப் போனேன். 60-இலிருந்து 20-க்கு மிதமாகக் குறைத்து, நிறுத்தாமல் மறுபடி 60, இப்படிப் பத்து முறை. சூடான பேடை ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டு நின்றால் அதன் தடம் தட்டில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எங்கும் நிற்காமல், பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட்டுத் திரும்பினேன்.

இரண்டு வாரம் கழித்து அம்மாவை ஏற்றிக்கொண்டு மறுபடியும் கொல்லிமலை. இறங்கிவந்து காரவள்ளியில் அதே டீக்கடை ஓரமாக நிறுத்தினேன். கிரீஸ் மூடிகளில் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டின் மேலும் கை வைக்க முடிந்தது. இரண்டும் ஒரே வெதுவெதுப்பு, சற்று முன் வைத்துவிட்டுப் போன டீ டம்ளர் அளவுக்கு.

1000 கிலோமீட்டர் ஆனதும் இரண்டு மூடிகளையும் கழற்றிப் பார்த்தேன். கிரீஸ் நிறம் மாறவில்லை. பின்னை எடுத்து, நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைச் சுழற்றியபடி மறுபடி மூன்று விரலால் திருப்பினேன். இரண்டு பக்கமும் பழைய இடுக்கிலேயே வந்து நின்றன. புதிய காட்டர் பின் போட்டு மடக்கி, மூடிகளின் உட்புறத்தில் தேதியையும் கிலோமீட்டரையும் பெயிண்டால் எழுதி, தட்டி மூடினேன்.